எக்ஸ்பிரஸ் என்ட்ரி: 447 புள்ளிகள் ஏன் போதவில்லை?

பொருநை எழுதியது:

வணக்கம். திறன்பணியாளர்களுக்கு நிரந்தரக் குடியேற்றம் தரும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் என் விவரங்களைப் பதிந்துவிட்டு, விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். வயது 33, திருமணமாகவில்லை, முதுநிலைப் பொறியியல் பட்டம், கோயம்புத்தூரில் எட்டு ஆண்டுகள் மென்பொருள் பணி, ஆங்கிலத் தேர்வில் நான்கு திறன்களிலும் சி.எல்.பி. (கனடிய மொழி அளவுகோல்) 9. மொத்தம் 447 புள்ளிகள். கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான 2025-ஆம் ஆண்டுச் சுற்றுகளில் கட்-ஆஃப் 500-க்கு மேலேயே நின்றது. அதே ஆண்டு மார்ச் 21 அன்று நடந்த பிரெஞ்சு மொழிச் சுற்றிலோ 379 புள்ளி வரை இறங்கி 7,500 பேரை அழைத்திருக்கிறார்கள். திறமையை அளப்பதற்கென்றே இந்த அட்டவணை இருக்கிறது என்றால், என்னைவிட 68 புள்ளிகள் குறைவாக உள்ளவர் எனக்கு முன்னால் செல்வது எப்படி? எட்டு ஆண்டு அனுபவம் இந்த 447-இல் எங்கே இருக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. முகவர்கள் சொல்லும் சமாதானங்களைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன். முறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்கர் எழுதியது:

பொருநை அவர்களுக்கு, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு வெறும் கூட்டல் கணக்கே விடை சொல்லிவிடும். 33 வயதுக்கு 88, முதுநிலைப் பட்டத்துக்கு 135, சி.எல்.பி. 9 என்றால் ஒரு திறனுக்கு 31 வீதம் 124. இவை அடிப்படைப் பகுதி, மொத்தம் 347. இதற்கு மேல், ஒரு தகுதி இன்னொன்றோடு சேரும்போது கிடைக்கும் இணைப்புப் புள்ளிகள் என்று ஒரு பகுதி உண்டு. அதன் உச்சவரம்பு 100. பட்டமும் மொழியும் சேர்ந்து உங்களுக்கு 50, வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்ந்து இன்னொரு 50. உங்கள் எட்டு ஆண்டுகள் முழுவதும் இந்தக் கடைசி 50-க்குள் அடங்கிவிட்டன. மூன்று ஆண்டுகளைத் தாண்டிய வெளிநாட்டு அனுபவத்துக்கு இந்த அட்டவணையில் ஒரு புள்ளிகூடக் கூடாது. அந்த மூன்று ஆண்டுகளும் தாமாக நின்று புள்ளி பெறுவதில்லை. நல்ல மொழித்தேர்ச்சியோடோ கனடிய அனுபவத்தோடோ சேர்ந்தால்தான் எண்ணப்படும். கனடாவுக்குள் செய்த ஓராண்டு வேலைக்கு அடிப்படைப் பகுதியிலேயே நேரடியாக 40 புள்ளிகள் என்பதை இதற்கு அருகில் வைத்துப் பாருங்கள். அட்டவணையை எழுதியவர்கள் எதை நம்புகிறார்கள், எதைச் சந்தேகிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

மொழி இங்கே இரண்டு முறை எண்ணப்படுகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வின் எழுத்துப் பகுதியில் நீங்கள் 7-க்குப் பதிலாக 6.5 பெற்றிருந்தால், அது சி.எல்.பி. 8 ஆகிவிடும், நேரடி இழப்பு 8 புள்ளிகள்தான். ஆனால் இணைப்புப் புள்ளிகளை முழுமையாகப் பெற நான்கு திறன்களிலும் 9 வேண்டும் என்பதால், அந்த 100 பாதியாகி 50-இல் நிற்கும். ஆக அரை பேண்டுக்கு 58 புள்ளிகள் போய் 447 என்பது 389 ஆகியிருக்கும். இளநிலைப் பட்டத்துக்கும் முதுநிலைப் பட்டத்துக்கும் அடிப்படைப் பகுதியில் உள்ள வேறுபாடோ வெறும் 15. இரண்டு ஆண்டுகள் செலவழித்துப் பெற்ற பட்டத்தைவிட ஒரு பிற்பகலில் எழுதிய கட்டுரை கனமாக இருக்கிறது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் விதி அதுதான்.

இனி முதல் கேள்வி. கூட்டாட்சித் திறன்பணியாளர் பிரிவில் நுழைவதற்கே 100-க்கு 67 வேண்டும் என்ற வேறொரு அட்டவணை இருக்கிறது. அது தகுதியை மட்டும் பார்க்கிறது. 67-க்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு முன்பு இதுபோன்ற கோட்டைத் தாண்டியவர்கள் எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்ததால் கோப்புகள் குவிந்தன. கடைசியில் 2008 பிப்ரவரி 27-க்கு முன் வந்து முடிவு எட்டப்படாமல் கிடந்த, ஏறக்குறைய 2,80,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்களை 2012-இல் சட்டம் இயற்றியே ரத்து செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தியது எந்த வகையிலும் நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2015 ஜனவரி 1 முதல், கோட்டைத் தாண்டுகிறவர்களை ஒரு தொகுப்பில் நிறுத்தி, 1,200-க்கு மதிப்பெண் இட்டு, மேலிருந்து வேண்டிய அளவுக்கு அழைத்துக்கொள்ளும் முறை வந்தது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் இதற்கு முன்பே அந்த வழிக்குப் போயிருந்தன.

எனவே 447 என்பது தேர்ச்சி மதிப்பெண் அன்று. 2017 மே 31 அன்று கட்-ஆஃப் 413. அன்று நீங்கள் அழைக்கப்பட்டிருப்பீர்கள். 2019 டிசம்பர் 19 அன்று 469, அழைப்பு வந்திராது. 2022 ஜூலை 6 அன்று 557. நினைத்தே பார்க்க முடியாது. இந்த மூன்று நாள்களிலும் உங்கள் திறமையில் எந்த மாற்றமும் இல்லை.

நொய்யல் எழுதியது:

நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. 200-க்கு 190 கட்-ஆஃப் வைத்திருப்பவருக்கு ஓர் ஆண்டு கிடைத்த கல்லூரி அடுத்த ஆண்டு கிடைக்காமல் போகும். இடங்களின் எண்ணிக்கையும் முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையும்தான் அதை முடிவு செய்கின்றன. இதுவரை கணக்கர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிரெஞ்சு மொழிக்கும் மருத்துவப் பணிகளுக்கும் என்று தனித்தனியாகச் சுற்று நடத்துவது, தரவரிசை என்ற கொள்கையையே உடைத்துவிடுகிறது என்பது என் கருத்து. அட்டவணையில் ஏற்கெனவே பிரெஞ்சுக்குப் புள்ளி கொடுத்துவிட்டார்கள். அதே தகுதிக்காக இன்னொரு வாசலும் திறப்பது எதற்கு? கலந்தாய்வில் இடஒதுக்கீடு இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்: இங்கே எந்த வரலாற்று அநீதியை ஈடு செய்கிறார்கள்?

செங்காந்தள் எழுதியது:

நொய்யல் அவர்களின் கேள்வி சரியானது. ஆனால் அவர் தேடும் விடை அநீதியில் இல்லை, கனடாவின் மக்கள்தொகை அரசியலில் இருக்கிறது. கியூபெக் மாகாணம் 1991 உடன்படிக்கையின்படி தன் பொருளாதாரக் குடிவரவாளர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி அங்கே குடியேற விரும்புகிறவர்களுக்கு உரியதே அன்று. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுவோரின் விகிதம் தேய்ந்துகொண்டே வருவதை ஈடுகட்ட, அங்கு வரும் நிரந்தரக் குடிவரவாளர்களில் பிரெஞ்சு மொழியினர் 2025-இல் 8.5 விழுக்காடு, 2026-இல் 9.5, 2027-இல் 10 என்று 2024 அக்டோபரில் வெளியான குடிவரவுத் திட்டம் இலக்கு வைத்தது. ஒட்டுமொத்த எண்ணிக்கையையோ அதே திட்டம் குறைத்தது: 2025-க்கு 5,00,000 என்றிருந்ததை 3,95,000 ஆக்கியது. மொத்தம் சுருங்கும்போது ஒரு பங்கு மட்டும் வளர வேண்டுமென்றால், எஞ்சியவர்களுக்கான இடம் இருபுறமும் நெருக்கப்படும். பொருநை அவர்களுடைய 447 அந்த நெருக்கலில் சிக்கியிருக்கிறது.

2022 ஜூனில் நாடாளுமன்றம் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, எந்தப் பிரிவினரை எப்போது அழைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. அதன்படி 2023 கோடையில் பிரெஞ்சு, மருத்துவம், அறிவியல்-தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து, வேளாண்மை என்ற ஆறு பிரிவுகளில் சுற்றுகள் தொடங்கின. 2025 பிப்ரவரியில் போக்குவரத்தை எடுத்துவிட்டுக் கல்வித் துறையைச் சேர்த்தார்கள். அட்டவணை பத்து ஆண்டுகளாக ஏறத்தாழ அப்படியே இருக்க, யார் யாரோடு போட்டியிடுவது என்பதை ஆண்டுதோறும் மாற்றி அமைக்க முடிகிறது. தரவரிசையின் உண்மையான விசை இப்போது அங்கேதான் இருக்கிறது.

வன்னிமரம் எழுதியது:

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருந்து எழுதுகிறேன். உரையாடல் முழுவதும் இந்தப் பத்தாண்டைப் பற்றியதாக இருப்பதால், சற்றுப் பின்னோக்கிப் போக விரும்புகிறேன்.

1962 வரை கனடிய விதிகள் எந்த நாட்டவர், எந்த இனத்தவர் என்பதை வெளிப்படையாகவே பார்த்தன. எலன் ஃபேர்க்ளஃப் அமைச்சராக இருந்தபோது அந்தப் பாகுபாட்டின் பெரும்பகுதி விதிகளில் இருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பதிலாக எதை வைத்துத் தெரிவு செய்வது என்பது அதிகாரிகளின் மனப்போக்குக்கே விடப்பட்டிருந்தது. 1967-இல் வந்த புள்ளி முறைதான் அந்த இடைவெளியை நிரப்பியது. மொத்தம் 100, வேண்டியது 50. படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளியாகக் கல்விக்கு 20 வரை, தொழிலுக்கான தேவைக்கு 15, வயதுக்கு 10, ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து 10. இவற்றோடு நேர்காணல் செய்யும் அதிகாரி உங்களுடைய ஊக்கத்தையும் இசைவாக்கத்தையும் தாமாக மதிப்பிட்டு 15 வரை கொடுக்கலாம். மொழிக்குக் கிடைப்பதைவிட அதிகாரியின் அபிப்பிராயத்துக்குக் கூடுதல் எடை! அளவில் குறைந்தாலும் அந்தத் தனிமனித மதிப்பீடு 2002 வரை தொடர்ந்தது.

ஆகவே செங்காந்தள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். தீர்ப்பு மனிதரிடம் இருந்து கணக்குக்குப் போய்விட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது மேசையில் இருந்த அதிகாரியிடம் இருந்து எடுக்கப்பட்டு அமைச்சரின் அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. முன்னையது ஒருவரை நேரே பார்த்து, அவருடைய தோலையும் உச்சரிப்பையும் கண்டு வழங்கப்பட்டது. பின்னையது பெயர் தெரியாத பல்லாயிரம் பேரை ஒரே அறிவிப்பால் நகர்த்துவது. இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால் நான் பின்னையதையே தெரிவு செய்வேன். ஏனெனில் அறிவிப்பு அச்சில் இருக்கும், அதை எதிர்த்துப் பேசலாம். அதிகாரியின் முகக்குறிப்பை எதிர்த்து எங்கே முறையிடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து இங்கே வந்த எங்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த அட்டவணையிலும் 50 எடுத்து வந்தவர்கள் அல்லர். அகதிகளாகவும், அவர்கள் பொறுப்பேற்று அழைத்த குடும்பத்தினராகவும் வந்தோம். ரொறன்ரோவின் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் தொடங்கி, கடைகளும் நிறுவனங்களும் நடத்தி, அடுத்த தலைமுறையை மருத்துவர்களாகவும் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் ஆக்கிய அந்த மக்களை இன்றைய முறையில் மதிப்பிட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? திறமையாளர் யார் என்பதை இந்த எண்கள் முழுமையாகச் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள், ஒரு மாலைப்பொழுது இங்குள்ள மார்க்கம் வீதியில் நடந்து பார்க்கலாம்.

கணக்கர் எழுதியது:

வன்னிமரம் ஐயா சொன்ன வரலாற்றை ஏற்கிறேன்; ஆனால் கடைசிப் பத்தியில் இருந்து சற்று விலகுகிறேன். அகதிகளுக்கான பாதை வேறு நோக்கத்தோடு அமைந்தது. அதன் வெற்றியை வைத்துப் பொருளாதாரப் பாதையின் அளவுகோலைக் குறை சொல்வது முழுப் பொருத்தம் ஆகாது. புள்ளி அட்டவணை கேட்பது குறுகலான ஒரு கேள்வி: வந்த சில ஆண்டுகளுக்குள் இவர் எவ்வளவு சம்பாதிப்பார்? இளம் வயது, மொழி, கனடாவிலேயே முன்பு பெற்ற வேலை அனுபவம் ஆகியவை அந்த வருமானத்தோடு வலுவாகத் தொடர்புடையவை என்று கனடியப் புள்ளிவிவரத் துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டு அனுபவத்தை அங்குள்ள முதலாளிகள் குறைவாக மதிப்பதால் அட்டவணையும் குறைவாக மதிக்கிறது. முதலாளிகளின் அந்தப் பழக்கம் சரியா என்று அது கேட்பதில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு எண்ணாக மாற்றுகிறது. என் வருத்தம் அதில்தான்.

எதை எண்ணலாம் என்பதில் ஒரு பெரும் தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2015-இல் தகுதியான வேலைவாய்ப்புக் கடிதம் ஒன்றுக்கு 600 புள்ளிகள் கொடுத்தார்கள். கடிதம் கையில் இருந்தால் அழைப்பு ஏறக்குறைய உறுதி. 2016 நவம்பரில் அதை உயர்நிலை மேலாளர்களுக்கு 200, மற்றவர்களுக்கு 50 என்று வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அந்த 50-க்காகக் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டன; அதைக் காரணம் காட்டி 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளை முற்றிலும் நீக்கினார்கள். எதற்குப் புள்ளி வைத்தாலும் அதற்கு ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. இப்போது 600 புள்ளிகள், ஒரு மாகாணமே ஒருவரைத் தேர்ந்து முன்மொழியும் மாகாண நியமனத்துக்கு மட்டுமே உண்டு. அதன் ஆண்டு ஒதுக்கீட்டையும் 2024-இல் இருந்த 1,10,000-லிருந்து 2025-க்கு 55,000 ஆகப் பாதியாக்கிவிட்டார்கள்.

யாரா வாசி எழுதியது:

மெல்பர்னில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே 65 இருந்தால் தொகுப்பில் நுழையலாம். ஆனால் புள்ளிகள் ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் ஏறுவதால் ஒரே எண்ணில் பெருங்கூட்டம் நிற்கும். 25 முதல் 32 வயது வரை முழுமையாக 30. 33-ஆவது பிறந்தநாள் அன்று அது 25 ஆகிவிடும். கனடாவில் 30 முதல் 40 வயது வரை ஆண்டுக்கு ஐந்து ஆறு புள்ளிகளாகக் குறைந்து, 45-இல் சுழியமாகும். இங்கே படிக்கட்டு உயரம், அங்கே சரிவு. தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு: மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் ஆஸ்திரேலிய அமைப்பான நாட்டி (NAATI) நடத்தும் சமூக மொழித் தேர்வில் தமிழும் இருக்கிறது, அதில் தேறினால் 5 புள்ளிகள். வீட்டில் பேசும் மொழிக்குப் புள்ளி கொடுக்கிறார்களே என்று எளிதாக எண்ணிப் போகிறவர்கள், மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நடக்கும் உரையாடலை இரு திசையிலும் மொழிபெயர்க்க வேண்டியிருப்பதைக் கண்டு திகைப்பார்கள்.

பொருநை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அட்டவணையைவிட, எந்தத் தொகுப்பில் நிறுத்தப்படுகிறோம் என்பதே முதன்மையானது என்று இப்போது புரிகிறது. நடைமுறை சார்ந்த இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. வரும் தை மாதத்தில் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மணமகள் இளநிலைப் பட்டதாரி. திருமணத்துக்குப் பிறகு என் புள்ளிகள் ஏறுமா, இறங்குமா? இரண்டாவதாக, சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்பில் சேர்வது இந்த வயதில் பயனளிக்குமா?

கணக்கர் எழுதியது:

வாழ்த்துகள். இன்றைய வயதையே வைத்துக் கணக்கிடுகிறேன். துணைவரோடு விண்ணப்பித்தால் உங்கள் சொந்த அட்டவணை சற்றுச் சுருங்கும்: வயதுக்கு 80, பட்டத்துக்கு 126, மொழிக்கு 116, ஆக 347 என்பது 322 ஆகும். அவருடைய இளநிலைப் பட்டத்தை மதிப்பீடு செய்து காட்டினால் 8; அவரும் ஆங்கிலத் தேர்வு எழுதி நான்கு திறன்களிலும் சி.எல்.பி. 9 பெற்றால் 20. ஆக 350, அதாவது இப்போது இருப்பதைவிட 3 கூடுதல். அவர் தேர்வே எழுதாவிட்டால் 330. 17 புள்ளிகள் இழப்பு. அவரையே முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் எவ்வளவு வரும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். அவர் உங்களைவிட இளையவராகவும் மூன்று ஆண்டு பணி அனுபவம் உள்ளவராகவும் இருந்தால், முடிவு உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும். கணவரே முதன்மை விண்ணப்பதாரர் என்று யோசிக்காமல் நிரப்பிவிடுவது நம்மவர்களிடையே பரவலான பழக்கம். அட்டவணைக்கு அப்படி எந்த விருப்பமும் இல்லை.

பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலை பெற்றால், இரண்டாம் மொழிக்காக 12, கூடுதல் பகுதியில் 50, ஆக 62. உங்கள் 447 இன்றைய நிலையில் 509 ஆகும். அதைவிட முக்கியம், பிரெஞ்சுச் சுற்றில் நிற்கும் தகுதி வந்துவிடும். ஆனால் ஏழாம் நிலை என்பது ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி2. வார இறுதி வகுப்புகளை மட்டும் நம்பினால் ஓராண்டில் எட்டுவது கடினம். அதற்குள் வயதுக்காக 5 புள்ளிகள் குறைந்திருக்கும். குறைந்தாலும் கணக்கு உங்கள் பக்கமே நிற்கிறது.

செங்காந்தள் எழுதியது:

ஓர் எச்சரிக்கை மட்டும். பிரெஞ்சுச் சுற்றின் கட்-ஆஃப் 2024 பிப்ரவரி 29 அன்று 336 வரை இறங்கியது. 2025 பிப்ரவரி 19 அன்று 428-இல் நின்றது. இந்த வாசல் எப்போதும் இதே அகலத்தில் திறந்திருக்கும் என்று எண்ணிப் பணியை விட்டுவிட்டுப் படிக்கப் போக வேண்டாம். போக்குவரத்துத் துறையினரை 2023-இல் அழைத்து 2025-இல் நீக்கிய அதே அதிகாரம் எல்லாப் பிரிவுகளின்மீதும் இருக்கிறது.

நொய்யல் எழுதியது:

எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. புள்ளிகளை வெளியிட்டுவிட்டுப் பிரிவுகளை ஆண்டுதோறும் மாற்றுவது, வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டு விடைத்தாளைத் திருத்தும் முறையை மட்டும் மறைத்து வைப்பதற்கு ஒப்பானது. வன்னிமரம் ஐயா சொல்வதுபோல அறிவிப்பை எதிர்த்துப் பேசலாம் என்பது கனடாவில் வாக்குரிமை உள்ளவர்களுக்குச் சரி; கோயம்புத்தூரில் காத்திருப்பவர் யாரிடம் பேசுவார்?

வன்னிமரம் எழுதியது:

நியாயமான கேள்வி. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் இங்கே முன்பு வந்தவர்கள்தான். நாங்கள் அதை அதிகம் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உறவுகளை அழைக்கும் பிரிவு பற்றி எங்கள் சங்கங்கள் குரல் கொடுப்பதுண்டு. திறன்பணியாளர் பிரிவு பற்றி அவ்வளவாக இல்லை. பொருநை அவர்களே, உங்களுக்கு உடன்பிறந்தார் எவராவது இங்கே நிரந்தர வதிவிடம் அல்லது குடியுரிமையோடு இருந்தால் 15 புள்ளிகள் உண்டு. மாமா, சித்தி, ஒன்றுவிட்ட சகோதரர் எவரும் அந்த 15-க்குக் கணக்கில் வரார்.

பொருநை எழுதியது:

உடன்பிறந்தவர் ஒருவர்தான், அவர் தூத்துக்குடியில் இருக்கிறார். பிரெஞ்சு வகுப்பில் சேரவும், திருமணத்துக்கு முன்பே மணமகளிடம் ஆங்கிலத் தேர்வு பற்றிப் பேசவும் முடிவு செய்திருக்கிறேன். இப்போதுள்ள பதிவை நீக்கிவிட்டு, எல்லா முடிவுகளும் வந்த பிறகு புதிதாகப் பதியலாமா?

கணக்கர் எழுதியது:

நீக்க வேண்டாம். ஒரே புள்ளியில் பலர் நின்றால், பதிவைச் சமர்ப்பித்த நாளும் நேரமும் முந்தியவரையே எடுப்பார்கள். இருக்கும் பதிவில் புதிய தேர்வு முடிவைச் சேர்த்தால் அந்த நேரம் மாறாது. நீக்கிவிட்டு மீண்டும் பதிந்தால் கடைசியில் போய் நிற்பீர்கள். பதிவு பன்னிரண்டு மாதங்களே செல்லும், அதன் பிறகு எப்படியும் புதிதாகத்தான் பதிய வேண்டும். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும். திருமணம் நடந்தவுடன் பதிவில் குறிப்பிட்டுவிடுங்கள். புள்ளி குறையும் என்று மறைத்தால் அது தவறான தகவலாகக் கொள்ளப்பட்டு ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கப்படக்கூடும். அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்துக்கு 60 நாள்கள்தான் கொடுப்பார்கள். எனவே பணி அனுபவக் கடிதத்தை, பதவிப் பெயர் மட்டும் இல்லாமல் நீங்கள் செய்த வேலைகளையும் வார மணிநேரத்தையும் ஊதியத்தையும் குறிப்பிட்டு, இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். நம் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளில் அதற்குத்தான் நீண்ட நாள் ஆகும்.